வீட்டுப் பாவனைக்கு மட்டும்

பொங்கல் முடிஞ்சு ஐஞ்சாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு எங்கட வீட்டுத் தையல் மெசின் மூன்று தரம் 'பீப்' எண்டு கத்திப்போட்டு நிண்டிட்டுது. 2025 ஜனவரி 19. பள்ளிக்கூடங்கள் 27ஆம் திகதி தொடங்கப் போகின்றன. மேசையில் இருபத்திமூன்று பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைத் துணி, வெட்டினபடி, பெயர் எழுதின கடதாசித் துண்டு குத்தினபடி கிடக்குது. இந்த வருசத் துணி சீனா அன்பளிப்பாகத் தந்தது. பிள்ளைகளுக்கு இலவசம். தையற்கூலி இலவசம் இல்லை, ஒரு சட்டைக்கு 1,200 ரூபா. அந்த இருபத்திமூன்று சட்டையில்தான் எங்கட வீட்டில் தை மாதம் ஓடும்.

மெசினின் சின்னத் திரையில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு இலக்கமும் தெரிந்தன. அம்மா நிப்பாட்டிப் போட்டா. திரும்பவும் அதே குறி. நூலைக் கழட்டி, பொபினைக் கழட்டி, உள்ளுக்குக் கிடந்த பஞ்சுத் தூசைத் தட்டிப் போட்டா. திரும்பவும் அதே. நான் கையேட்டை எடுத்து அந்தக் குறியைத் தேடினேன். கடைசிப் பக்கத்துக்கு முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. எங்கட குறிக்கு நேரே ஆங்கிலத்தில் ஒரேயொரு வசனம்: அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்தைத் தொடர்புகொள்ளவும்.

அதாவது, என்ன பழுது எண்டு மெசினுக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லாது.

'கலைப்பீடத்துப் பெட்டை, மெசினைப் பற்றி உனக்கென்ன கதை' என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: நான் இயந்திரவியல் கதைக்க வரவில்லை. காசு குடுத்து வாங்கின ஒரு பொருள் ஆருக்குச் சொந்தம் என்பதைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். இந்தக் குடாநாட்டில் அந்தக் கேள்வி ஆயிரக்கணக்கான வீட்டு விறாந்தைகளில், ஒரு துணியால் மூடினபடி, ஓடாமல் நிற்கிறது.

மெசின் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஓகஸ்ற்றில் வாங்கினது. காசுக்கு எடுத்தால் 92,000. எங்களிட்ட அவ்வளவு காசு ஒரே தரத்தில் எப்ப இருந்தது? மாதம் 4,900 படி 24 மாதத் தவணை. பெருக்கிப் பாருங்கோ, 117,600. கடைக்கு முன்னால் ஒரு பெரிய பதாகை: ஒரு பெண் சிரிச்சுக்கொண்டு மெசினுக்கு முன்னால் இருக்கிறா, பக்கத்தில் ஒரு குழந்தை, மேலே 'வீட்டிலிருந்தே உழையுங்கள்' என்று கொட்டை எழுத்து. அந்தப் பதாகையின் கீழே நிண்டுதான் அம்மா கையெழுத்து வைச்சவ.

நல்லதையும் சொல்லத்தான் வேணும். அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, கிட்டப் பார்வை மங்கத் தொடங்கீட்டுது. முதல் ஒவ்வொரு தரமும் 'பிள்ளை, இந்த நூலைக் கோத்துத் தா' எண்டு என்னைக் கூப்பிடுவா. புது மெசினில் ஒரு சின்ன நெம்பை அமத்தினால் அதுவே ஊசிக்குள்ளால் நூலை இழுத்துவிடும். தெறி ஓட்டை ஒரே அடியில் நாலு பக்கமும் தைச்சு முடியும். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம், இரவிலும் வடிவாத் தைக்கலாம். நிப்பாட்டினால் ஊசி துணிக்குள்ளேயே நிற்கும். மூலை திருப்பிறவைக்குத்தான் அதின்ரை அருமை தெரியும். சத்தமும் இல்லை. நான் பக்கத்தில் இருந்து சோதினைக்குப் படிச்சிருக்கிறேன்.

முன்வீட்டு அக்காவின் கதை இன்னும் பெரிது. 2009இல் வன்னியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவ. கால் மெசின் மிதிக்க அவவால் ஏலாது. கை மெசின் எண்டால் ஒரு கை சில்லைச் சுத்த, மிச்ச ஒரு கையால் துணியைப் பிடிக்க வேணும். எங்கட மெசினில் மிதியே தேவையில்லை. ஒரு பொத்தானை அமத்தினால் ஓடும், வேகத்தைக் கையால் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு கையும் துணியில் இருக்கும். அவ வந்து ஒருநாள் இருந்து தைச்சுப் பாத்திட்டு, அடுத்த மாதமே அதே கடையில் அதே மெசினை அதே தவணைக்கு எடுத்தா. ஆகவே 'இலத்திரனியல் எல்லாம் ஏமாத்து வேலை, பழசுதான் திறம்' என்ற பாட்டை நான் பாடப் போறதில்லை. சில பேருக்குத் திரும்பிப் போகப் பழசே இல்லை.

பிரச்சினை வேறு. அறுபது விதத் தையல் என்று பெட்டியில் போட்டிருந்தது. அம்மா பாவிச்சது நாலு: நேர்த்தையல், சிக்சாக், தெறி ஓட்டை, களிசான் கீழ்மடிப்புக்கு வெளியே தெரியாத தையல். மிச்ச ஐம்பத்தாறும் பூ, இலை, இதயம், வாத்துக்குஞ்சு. வாத்துக்குஞ்சு தைச்சுத் தரச் சொல்லி இந்த ஊரில் ஒருத்தரும் இன்னும் வரேல்லை. ஆனால் களிசானின் இடுப்புப் பட்டி வருது, பள்ளிக்கூடப் பைக்குக் கைபிடி போட வருது, நாலு மடிப்புத் துணி ஒண்டா வாற சட்டைக் கழுத்து வருது. அந்தத் தடிப்பில் போகேக்க மெசின் இளைக்கும். உள்ளே இருக்கிற மோட்டர் சின்னது. சுமை கூடினால் மின்சுற்றுப் பலகை அதைக் கண்டுபிடிச்சு 'பீப்' எண்டு கத்தி நிப்பாட்டும். அது ஒரு பாதுகாப்பு என்று கையேடு சொல்லுது. சரி. வாத்துக்குஞ்சுக்குச் செலவழிச்ச மூளையை மோட்டருக்குச் செலவழிச்சிருக்கலாம் என்று நான் சொல்லுறன்.

பொபின் இன்னொரு தலையிடி. நவீன சந்தைப் பக்கம் தையற்சாமான் கடைகளில் பிளாஸ்ரிக் பொபின் பத்துப் பன்னிரண்டாக விக்கிறாங்கள். பாக்க எல்லாம் ஒண்டுதான். ஆனால் உயரத்தில் ஓரிரு மில்லிமீற்றர் வித்தியாசம் இருக்கும். பிழையானதைப் போட்டால் கீழ்நூல் ஒழுங்காய் இழுபடாது, துணியின் அடிப்பக்கம் குருவிக்கூடு மாதிரிச் சிக்கும். உலோகப் பொபினைப் போட்டால் பிளாஸ்ரிக் கிண்ணத்தில் கீறல் விழும், பிறகு அந்தக் கீறலில் நூல் மாட்டும். இதை அம்மா ஆரும் சொல்லி அறியேல்லை. மூன்று பிளவுஸ் பாழாகி அறிஞ்சவ.

இனி ஜனவரிக்கு வருவோம். திங்கள் காலமை மெசினை உரப்பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். வொறன்ரி இரண்டு வருசம், நாங்கள் வாங்கிப் பதினேழு மாதம். அம்மா தெம்பாகத்தான் போனவ. அங்க இருந்த தம்பி மெசினைத் திறக்கவே இல்லை. கீழே தகட்டைக் கழட்டிப் பொபின் பக்கத்தைப் பாத்தார், பஞ்சுத் தூசியைப் பாத்தார், அம்மாவைப் பாத்தார்.

"அன்ரி, நீங்கள் இதில கூடத் தைச்சிருக்கிறியள்."

தையல் மெசினில் கூடத் தைச்சது குற்றமாம்.

"ஆக்களுக்குத் தைச்சுக் குடுக்கிறனியளோ?" எண்டு கேட்டார். அம்மா கள்ளம் தெரியாத மனிசி. "ஓம் தம்பி" எண்டா. தம்பி வொறன்ரி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு ஆங்கில வரியைக் காட்டினார். வீட்டுப் பாவனைக்கு மட்டும். வருமானத்துக்காகப் பாவிச்சால் வொறன்ரி செல்லாது.

நான் வெளியே வந்து அந்தப் பதாகையை இன்னொரு தரம் பாத்தன். 'வீட்டிலிருந்தே உழையுங்கள்.' அதே கடை, அதே மெசின். வெளியில் நிண்டு வாசிச்சால் உழை என்று இருக்குது. உள்ளே வந்து அட்டையைத் திருப்பினால் உழைச்சால் பொறுப்பில்லை என்று இருக்குது. பதாகை தமிழில், கொட்டை எழுத்தில். அட்டை ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி எழுத்தில். தமிழ் இந்த நாட்டில் 1987இல் இருந்து அரசகரும மொழி. வொறன்ரி அட்டைக்கு அந்தச் செய்தி இன்னும் கிடைக்கேல்லை.

இது அந்த ஒரு கடையின் தந்திரம் மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. பெயரைப் போட்டுத் திட்டி என்ர கோபத்தைத் தீர்க்க எனக்கு விருப்பமும் இல்லை. வீட்டு மெசின்களின் வொறன்ரியில் இந்த நிபந்தனை உலகம் முழுக்க வழமையானது. தொழிலுக்கெண்டு தனி மெசின் இருக்கு, தடிச்ச மோட்டர், எண்ணெய்த் தட்டு, தனி மேசை. அது கனக்க விலை, கனக்க இடம், கனக்கக் கரண்ட். அதை வாங்க ஏலாதவைக்குத்தான் இந்த மலிவு மெசினை 'உழைப்பு' என்ற பெயரில் விக்கினம். விக்கேக்க அவ தொழில்முனைவோர். பழுதானால் அவ விதிமீறின வீட்டுக்காரி.

திருத்த எவ்வளவு என்று கேட்டோம். கொழும்புக்குப் படம் அனுப்பி, பின்னேரம் போனில் சொன்னார்கள்: மின்சுற்றுப் பலகை முழுசாக மாத்த வேணும், 46,000, வெளிநாட்டில் இருந்து வர ஆறு கிழமை, முற்பணம் பாதி. புது மெசினின் காசு விலையில் சரி பாதி. அதுக்குப் பிறகு ஒரு யோசனையும் தந்தார்கள். பழசைக் குடுத்திட்டு புதுசு எடுங்கோவன், அன்ரி, 10,000 கழிச்சுத் தாறம், தவணையும் போடலாம். முதல் மெசினில் இன்னும் ஏழு தவணை இருந்தது.

ஊரில் ரிவி திருத்துகிற ஒரு அண்ணாவிடம் கொண்டு போனேன். அவர் அரை மணித்தியாலம் உருப்பெருக்கி வைச்சுப் பாத்தார். 'கப்பாசிற்றர் எண்டால் இப்பவே மாத்தித் தருவன். இது மோட்டரை ஓட்டுற ஐசி போல கிடக்கு. ஆனா இதின்ரை நம்பரைச் சுரண்டி அழிச்சிருக்கிறாங்கள். என்ன ஐசி எண்டு தெரியாமல் என்னத்தை மாத்திறது?' எண்டார். காசும் வாங்கேல்லை. திருத்தத் தெரிந்தவர் இருக்கிறார், திருத்தக்கூடிய பழுதுதான். திருத்தக்கூடாது என்று ஆரோ ஒருத்தர் முன்கூட்டியே இருந்து, நுணுக்கமாய், அந்த இலக்கத்தைச் சுரண்டியிருக்கிறார். அந்த ஐசியின் விலை ஒரு பிளவுஸ் தைக்கிற கூலி வருமோ என்னவோ. அதுக்காக 46,000.

இந்த இடத்தில்தான் எங்கட மாமாமார் உள்ளே வருவார்கள். 'அந்தக் காலத்துச் சிங்கர் மெசின் மாதிரி வருமே?' வராதுதான். ஆனால் ஏன் வராது என்பதை அவர்கள் யோசிக்கிறதில்லை, பெருமூச்சு விடுகிறதோடு சரி.

சிங்கர் கொம்பனி இலங்கையில் கடை திறந்தது 1877இல். குடியேற்றக் கால இலங்கைக்குள் இந்த மெசின் எப்படி வீடு வீடாக நுழைந்தது என்று வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க தன் 'மெற்றாலிக் மொடேர்ன்' புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். ஒன்றைக் கவனியுங்கள்: 'எங்கட ஆக்களைத் தவணைக்காரன் கெடுத்துப்போட்டான்' என்று சொல்கிறோமே, அந்தத் தவணை முறையையே பெருமெடுப்பில் கொண்டு வந்தது சிங்கர்தான், 1856இல். தையல் மெசினும் கடன் கொப்பியும் அப்பவே கலியாணம் கட்டிக்கொண்டு வந்தவை. கொம்பனி புண்ணியவானும் இல்லை. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் 1911இல் பன்னிரண்டு பெண்கள் வேலைச்சுமை கூடினதை எதிர்த்து வெளியே வர, பின்னால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் தலைமை தாங்கினவர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள். யந்திரங்களைச் சந்தேகித்த காந்திகூட 1924இல் ஒரு மாணவனோடு கதைக்கேக்க தையல் மெசினுக்கு மட்டும் விலக்குக் குடுத்தவர். மனைவி கையால் தைச்சுக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல் சிங்கர் அன்பினால் செய்தது என்று அவர் நம்பினார். ஐசக் சிங்கருக்குப் பல குடும்பம், இருபதுக்கு மேல் பிள்ளைகள், 1860களில் அந்த அவமானத்தில் ஐரோப்பாவுக்கு ஓடினவர் என்பதை அந்த மாணவன் சொல்லேல்லைப் போல.

ஆக, அம்மம்மாவின் கால் மெசின் நல்லவர்கள் செய்த மெசின் என்பதால் இவ்வளவு காலம் ஓடேல்லை. அது திறக்கக்கூடிய மெசின் என்பதால் ஓடுது. தலையைப் பின்னால் சாய்ச்சால் அடிவயிறு முழுக்கத் தெரியும்: எந்தத் தண்டு எந்தத் தண்டை அசைக்குது, எந்த ஆணியைத் தளர்த்தினால் எது நகரும் என்று ஒரு பிள்ளைக்கும் விளங்கும். தையல் விழுகிற சூத்திரம் ஒன்றுதான். ஊசி அடிமட்டத்துக்குப் போய், திரும்பக் கொஞ்சம் ஏறத் தொடங்கேக்க நூல் ஒரு சின்ன வளையமாய் விரியும். சரியாய் அந்தக் கணத்தில் கீழே இருக்கிற கொக்கியின் முனை வந்து அந்த வளையத்தைப் பிடிச்சு, பொபின் நூலைச் சுத்திக் கொண்டுபோக வேணும். அந்தக் கணம் தவறினால் தையல் தவறும். அம்மம்மா படிச்சது ஐந்தாம் வகுப்பு. கொக்கியின் நேரத்தைத் தானே ஆணி தளர்த்திச் சரிபண்ணுவா. எண்ணெய்ப் போத்தலும் திருப்புளியும் மெசின் லாச்சிக்குள் எப்பவும் இருந்தது.

1990இல் பொருளாதாரத் தடை வந்து, கரண்டும் போய், பற்றரிகூடத் தடைப்பட்ட பொருளாகி, யாழ்ப்பாணம் ஜாம் போத்தல் விளக்கில் படிச்ச காலத்தில் அந்த மெசின் ஓடினது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது, அம்மம்மா காலையும் மேசையையும் விட்டிட்டு, தலையை மட்டும் கழட்டி, இரண்டு சீலையில் சுத்தி, அப்பப்பாவின் சைக்கிள் கரியரில் கட்டினவ. பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பு. 'நகையை இடுப்பில கட்டினன், மெசினைச் சைக்கிளில கட்டினன்' எண்டு சொல்லுவா. மீசாலையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கையால் சில்லைச் சுத்திச் சுத்திச் சனத்துக்குத் தைச்சுக் குடுத்தவ. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோதும் அம்மா தைச்சது அதிலைதான்.

இதைச் சொல்லிப்போட்டு 'ஆகவே எல்லாரும் கால் மெசினுக்குத் திரும்புங்கோ' என்று முடிச்சால் முன்வீட்டு அக்காவின் முகத்தில் நான் முழிக்க ஏலாது. அம்மாவுக்கும் முழங்கால் வலி. நான் கேட்கிறது பழைய மெசினை அல்ல. பழைய மெசினுக்கு இருந்த அந்த உரிமையைப் புது மெசினுக்கும் கேட்கிறேன்.

இனி என்னையே கொஞ்சம் திட்ட வேணும். போன செமஸ்டரில் 'வடக்கில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வாழ்வாதாரம்' என்று ஒரு ஒப்படை எழுதினேன். பரிந்துரைகள் பகுதியில் மூன்றாவது: 'தையல் இயந்திரம் போன்ற சுயதொழில் உபகரணங்கள் வழங்கப்படல் வேண்டும்.' நல்ல புள்ளி வந்தது. என்ர வகுப்பில் பாதிப் பேர் அதே வசனத்தை எழுதியிருப்பார்கள், எங்களுக்கு முதல் வந்த பத்து வருசத்து மாணவர்களும் எழுதியிருப்பார்கள். 2009க்குப் பிறகு இந்த மாகாணத்தில் துன்பப்பட்ட ஒரு பெண்ணைக் கண்டால் எல்லாருக்கும் உடனே ஞாபகம் வாறது ஒரு தையல் மெசின். அரசியல்வாதிக்கும் அதுதான், தொண்டு நிறுவனத்துக்கும் அதுதான், வெளிநாட்டு ஊர்ச் சங்கத்துக்கும் அதுதான். மேடை, மாலை, ரிபன் கட்டின மெசின், தலை குனிஞ்சு நிக்கிற பெண், படம். அடுத்த நாள் பேப்பரில் 'வாழ்வாதார உதவி'.

இரண்டு வருசம் கழிச்சு அதே மெசினை ஒருக்காப் போய்ப் படம் எடுங்கோவன்.

ரொறன்ரோவில் இருந்து சித்தி ஒருத்தி சாதி, சங்கம் பார்க்காமல் தானே காசு சேர்த்து ஒரு நல்ல மெசினை எங்கட உறவுக்காரப் பெண்ணுக்கு அனுப்பினா. வந்த அன்றே சாமி படத்துக்கு முன்னால் வைச்சு, பிளக்கைக் குத்தினார்கள். ஒரு சின்னப் புகை, ஒரு மணம், அவ்வளவுதான். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், எங்கட 230. சித்தியின் அன்பில் குறை இல்லை. மெசினின் பின்பக்கம் இருந்த ஒரு இலக்கத்தை ஒருவரும் வாசிக்கேல்லை. அந்த மெசின் இப்ப பூச்சாடி வைக்கிற இடம்.

'வாழ்வாதாரம்' என்று எழுதுகிற எங்களுக்கு இதெல்லாம் சின்ன விசயம். ஆனால் கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலையில் ஒரு மெசின் நிண்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மெக்கானிக் ஓடி வருவார். வரிசை நிக்கக்கூடாது, ஒவ்வொரு நிமிசமும் கொம்பனிக்குக் காசு. அதே வேலையை வீட்டில் செய்கிற பெண்ணின் மெசின் நிண்டால் அவதான் மெக்கானிக், அவதான் முதலாளி, அவதான் கடன்காரி. முதலாளி என்ற பெயரை மட்டும் அவவுக்குக் குடுத்திட்டு, முதலாளிக்கு இருக்கிற ஒரு வசதியும் குடுக்காமல் விடுகிறதுக்குப் பெயர்தான் சுயதொழில் ஊக்குவிப்பு. 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்குக் குறைஞ்ச நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யிற நிலைக்கு வந்தது. அந்தக் கடன்களை எடுத்த பெண்கள் சோம்பேறிகள் இல்லை, இப்படியான சாமான்களை நம்பினவர்களும் அதில் இருப்பார்கள்.

திருத்தும் உரிமை என்று உலகத்தில் இப்ப ஒரு பேச்சு இருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூனில் அதுக்கு ஒரு சட்ட நெறியே நிறைவேற்றினது: குறிப்பிட்ட சாமான்களை, வொறன்ரி முடிஞ்ச பிறகும், உற்பத்தியாளர் நியாயமான விலையில் திருத்திக் குடுக்க வேணும். அந்தப் பட்டியலில் உடுப்புத் தோய்க்கிற மெசின் இருக்கு. உடுப்புத் தைக்கிற மெசின் இல்லை. இந்தியாவும் 2022 டிசம்பரில் இதுக்கெண்டு ஒரு இணையத்தளம் தொடங்கினது. எங்களிட்ட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கு. அரிசி விலைக்கும் முட்டை விலைக்கும் கடை கடையாய் ஏறி இறங்குகிற அதிகாரிகள் ஒருநாள் இந்த வொறன்ரி அட்டைகளையும் திருப்பிப் பாக்கலாம்.

நான் கேட்கிறது வானத்தில் இருக்கிற நட்சத்திரம் இல்லை. 'உழையுங்கள்' என்று சொல்லி விக்கிறவன், உழைச்சுப் பழுதானால் திருத்தித் தரவேணும். அல்லது பதாகையைக் கழட்டவேணும். இரண்டில் ஒன்று. வொறன்ரியும் கையேடும் தமிழில், கண்ணுக்குத் தெரியிற எழுத்தில் இருக்கவேணும், பலகை மாத்த எவ்வளவு என்று வாங்கும்போதே எழுதித் தரவேணும். 46,000 என்று 2023இலேயே தெரிஞ்சிருந்தால் அம்மா வேறு மெசின் பாத்திருப்பா. மெசின் அன்பளிப்புச் செய்கிற சங்கங்கள், பத்து மெசின் குடுக்கிற காசில் எட்டைக் குடுத்து, மிச்சக் காசைத் திருத்தத்துக்கு ஒதுக்கட்டும். படத்தில் இரண்டு பேர் குறைவார்கள், பரவாயில்லை. அம்மா படிச்ச ஆறு மாதத் தையல் வகுப்பில் கழுத்து வெட்ட இருபது விதம் பழக்கினார்கள், கொக்கியின் நேரம் சரிபண்ண ஒருநாளும் பழக்கேல்லை. அது 'ஆம்பிளையளின்ர வேலை' எண்டு விட்டிட்டினம். அம்மம்மா அதைக் கேட்டால் சிரிப்பா. அறிவியல்நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கு, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு. அங்க ஒரு மூன்று மாத வகுப்பு, தையல் மெசின் திருத்த, பெண்களுக்கு. ரிவி திருத்துகிற அந்த அண்ணா மாதிரி ஒருத்தர் வந்து பழக்கினால் காணும்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒன்று. வெளிநாட்டுச் சொந்தம் 'என்ன அனுப்ப' என்று கேட்டால் முதல் வோல்ற்றைக் கேளுங்கோ, பிறகு உதிரிப்பாகம் இஞ்ச கிடைக்குமோ என்று கேளுங்கோ. உங்கட ஒப்படைகளில் அந்த மூன்றாவது பரிந்துரையை எழுத முதல் உங்கட தெருவில் நிக்கிற மெசின்களை ஒருக்கா எண்ணுங்கோ. எங்கட தெருவில் நான் எண்ணினது ஏழு. ஓடுறது இரண்டு.

சீருடைகள் என்னவானது என்று கேப்பியள். திங்கள் பின்னேரமே அம்மம்மாவின் மெசினைக் கொட்டிலில் இருந்து இறக்கினோம். தோல் பெல்ற் காய்ஞ்சு வெடிச்சுப் போய்க் கிடந்தது. சுன்னாகத்தில் புதுசு சில நூறு ரூபாவுக்கு வாங்கி, அம்மாவே வெட்டி, கம்பி கோத்துப் பூட்டினா. ஊசி மட்டும் புது மெசினின் பெட்டியில் இருந்ததையே போட்டோம். இரண்டுக்கும் அளவு ஒண்டுதான். அம்மாவின் முழங்கால் ஏலாத நேரம் நான் மிதிச்சன், அவ துணியைப் பிடிச்சா. முன்வீட்டு அக்கா தன்ரை மெசினில் தெறி ஓட்டை போட்டுத் தந்தா. தன்ரையும் எப்ப நிக்குமோ எண்டு பயந்து பயந்துதான் போட்டவ. 26ஆம் திகதி இரவு பத்தொன்பது சட்டை முடிஞ்சது. நாலு பேர் பொறுக்க மாட்டாமல் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பலகைக்கு முற்பணம் நாங்கள் கட்டேல்லை. மெசின் பெட்டிக்குள் இருக்கு. நேற்று மார்ச் 10, பத்தொன்பதாவது தவணை நாள். காலமை எட்டரைக்கே கடையில் இருந்து போன் வந்தது.